முச்சந்திக் கடைகளுக்கு அனுமதி

ஜப்பான்காரர்கள் மலாயாவுக்கு வந்ததும் எங்கள் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். நான் தோட்டத்துக்குத் திரும்பினேன். அங்கே பால்வெட்டு நின்றுபோய் ரப்பர் மரங்களே சும்மா நின்றன. சும்மா இருக்க எனக்கு வராது. ஜப்பானிய மொழி வகுப்பில் சேர்ந்தேன். அதுவும் போதாமல் ஓர் ஊரைக் கட்டக் கிளம்பினேன்.

ஊர் என்றால் வேறொன்றுமில்லை, எங்கள் தோட்டத்துச் செம்மண் பாதை ரெம்பாவ் போகும் பெரிய ரோட்டில் சேரும் முச்சந்திதான். சண்டைக்கு முன்னால் அங்கே லாலான் புல்லைத் தவிர எதுவும் கிடையாது. அரிசி குறையக் குறைய ஆட்கள் தாமாகவே வந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் தேங்காயெண்ணெய் விற்றார், ஒருவர் முடி வெட்டினார், இன்னொருவர் டயர் இல்லாத சைக்கிள்களுக்கு ரப்பர்க் குழாயைச் சுற்றிக் கொடுத்தார். அத்தாப்பு ஓலைக் கூரைகள் வரிசையாக எழும்பின. பார்க்கப் பார்க்க எனக்குக் கை பரபரத்தது. இங்கே காய்கறி விற்கும் பாசார், அங்கே கால்வாய், பின்னால் பள்ளிக்கூடம் என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் ஓயாமல் திட்டம் சொன்னேன்.

முதல் கூரை பக்கத்து லயத்து வீட்டு அக்காவுடையது. அவர் வீட்டுக்காரரைச் சயாம் ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோயிருந்தார்கள், ஒரு சேதியும் இல்லை. இரண்டு பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு மரவள்ளிக்கிழங்கைத் துருவிப் புட்டு அவித்து விற்றார்.

அந்தச் சமயத்தில்தான் ஜப்பானிய ஆபீசிலிருந்து உத்தரவு வந்தது. அனுமதி இல்லாத ரோட்டோரக் கூரைகளைப் பிரித்துவிடுவார்கள். அனுமதி வேண்டுமானால் கேட்கலாம், அதிகாரி நேரில் பார்த்து முடிவு சொல்வார். கடை போனால் அக்கா காடு வெட்டும் கூட்டத்தோடு போக வேண்டியதுதான். விடியுமுன் போனால் இருட்டித்தான் திரும்ப முடியும். சின்னது இன்னும் பால் மறக்கவில்லை.

எல்லோர் சார்பிலும் நான் மலாயில் எழுதிக் கேட்டேன். அப்போதும் அக்கா என்னை விடவில்லை.

“தம்பி, ஒன் பாசாரு, கால்வா எல்லாம் மெதுவா வரட்டும்லா. மொதல்ல என் கூரை நிக்கட்டும்.”

அதிகாரி வருகிற காலையில், வழி காட்ட நான் சைக்கிளில் காருக்கு முன்னால் போனேன். முச்சந்தியைப் பார்த்ததும் எனக்கே அடையாளம் தெரியவில்லை. இரு பக்கமும் வாழைக்கன்று கட்டி, தென்னங்குருத்துத் தோரணம் தொங்கவிட்டிருந்தார்கள். அக்கா கடை வாசலில், தேங்காயும் மாவிலையும் வைத்த பித்தளைக் குடம். கற்பூரம் கிடைக்காத அந்தக் காலத்தில் யாரோ பத்திரப்படுத்திய ஒரு துண்டு வேறு எரிந்துகொண்டிருந்தது.

“என்ன மண்டோரண்ணே இது?” என்றேன், வேலையாட்களை மேய்க்கும் மண்டோரிடம்.

“பெரிய ஆளு வர்றாரு, மொட்டையாவா நிக்கிறது? வெள்ளக்காரத் தொரைக்குச் செஞ்சோமே, இவருக்குச் செய்யாட்டி கோவிச்சுக்குவாருல்ல.”

கார் வந்து நின்றது. இறங்கிய ஜப்பானிய அதிகாரி தோரணத்தைப் பார்த்தார், குடத்தைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார். குடத்துக்கு நேராக நின்று இரண்டு முறை குனிந்தார். பிறகு இரண்டு முறை கை தட்டினார். அவர்கள் நாட்டில் சாமி கும்பிடும் முறை அது. எங்கள் ஆட்களுக்கு அது தெரியுமா? ஏற்பாடு பிடித்துப்போய்க் கை தட்டுகிறார் என்று நினைத்து அத்தனை பேரும் படபடவென்று தட்டினார்கள். கடைசிவரை தட்டியவர் மண்டோர்.

அதிகாரி ஏதோ சொல்ல, கூட வந்த ஆபீஸ் எழுத்தர், மலாய்க் கிராணி, எங்களுக்குச் சொன்னார். இது கோயில் இடம், இங்கே வியாபாரம் கூடாது. கடைகளெல்லாம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போகலாம், அதற்கு அனுமதி உண்டு.

முடிவெட்டுகிறவருக்குச் சந்தோஷம். ஆனால் அந்தப் பக்கம் முழுக்கச் சதுப்பு. மண் கொட்டி மேடாக்கப் பல மாதம் ஆகும். நாற்காலி போட்டு முடி வெட்டப் பலகை போதும், சேற்றில் அடுப்பு நிற்காது. அக்கா வீட்டிலோ அன்றன்றைக்கு அவித்தால்தான் அன்றன்றைக்குச் சாப்பாடு.

ஐயா, இது கோயிலே இல்லை, உங்களை வரவேற்கத்தான் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அக்கா பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“சாமி இல்லன்னு சொல்லித் தொலைக்காத. இவ்வளவு நேரம் சும்மா கும்புட்டேனான்னு அவருக்குக் கோவம் வரும். கும்புட வர்றவங்களுக்குப் பசிக்காதான்னு கேளு.”

எனக்குத் தெரிந்த ஜப்பானியத்தை எல்லாம் திரட்டினேன். சாமி, ஆட்கள், தூரம், வயிறு, காலி. மீதியை வயிற்றைத் தடவிக் காட்டினேன். அதற்குள் அக்கா வாழையிலையில் சூடாகப் புட்டை வைத்து நீட்டிவிட்டார். அதிகாரி நின்றபடியே ஒரு வாய் போட்டார். மென்று விழுங்கினார். பிறகு சிரித்துக்கொண்டு கிராணியிடம் நெடுநேரம் சொன்னார். அவருடைய ஊரிலும் கோயில் வாசலில் ஒரு பெண் மாவு உருண்டை விற்பாளாம். சாப்பாட்டுக் கடை ஒன்று மட்டும் இருக்கலாம், மற்றவை அந்தப் பக்கம். முடிவு அவ்வளவுதான்.

காரில் ஏறும் முன் கிராணி என் தோளைத் தொட்டார். குரலைத் தாழ்த்தி மலாயில், “அடுத்த தடவை நாங்கள் வரும்போது குடம் மட்டும் போதாதுலா. உள்ளே ஒரு சாமியும் இருக்கட்டும்,” என்றார்.

நான் அதைச் சொன்னதும் மண்டோர் கேட்டார்: “சாமிக்கு நான் எங்க போவேன்?”

“ஆத்துல கல்லா இல்ல? முனியாண்டின்னு வெச்சுக் கும்புட்டாப் போச்சு,” என்றார் அக்கா.

மத்தியானத்துக்குள் கல் வந்தது. மஞ்சள் பூசி, சற்றுத் தள்ளியிருந்த ஆலமரத்தடியில் வைக்கத் தூக்கினார்கள். அக்கா விடவில்லை. தன் கூரைக்குக் கீழேயே, அடுப்புப் புகை படாத மூலையைக் காட்டினார்.

“அங்க மழையில நனையும். இங்க வெய்யுங்க. இனி கூரையப் பிரிக்க வர்றவன் மொதல்ல சாமியத் தாண்டி வரட்டும்.”

மறுநாள் காலை போனேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் மற்றவர்கள் கூடை கூடையாக மண் கொட்டிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் அக்காவின் குழாயிலிருந்து முதல் புட்டு இறங்கியது. அதில் ஒரு துண்டை எடுத்துக் கல்லுக்கு முன்னால் வைத்தார். எந்நேரமும் வாய் பேசுகிறவருக்கு இவ்வளவு பக்தியா என்று பார்த்தேன்.

“என்ன பாக்குற? எடத்துக்கு வாடகை,” என்றவர், பசியோடு நின்ற லோரிக்காரரிடம் திரும்பினார்.