இரண்டு மணிக் குஞ்சம்

சடைக் குஞ்சத்துக்கு மூன்று மணிகள் இருக்கும். என் பீரோவில் இருப்பதற்கு இரண்டுதான். கறுப்பு நூலில் சிவப்பும் பச்சையுமாகக் கட்டிய அது என் அண்ணியுடையது. அவள் கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்தபோது பின்னலின் நுனியில், முழங்காலுக்குச் சற்று மேலே ஆடிக்கொண்டிருந்தது. என் மகள் அதைப் பார்க்கும்போதெல்லாம், "அறுந்துபோனதை ஏம்மா வச்சிருக்கே?" என்பாள். அது அறுந்துபோகவில்லை என்று புரியவைக்க ஓர் ஆடிக் கிருத்திகையையே சொல்லியாக வேண்டும். அவளுக்கு ஏது அவ்வளவு பொறுமை!

எங்களுடையது அம்மையார்குப்பத்தில் தறி வீடு. அண்ணி நகரிப் பக்கத்துத் தெலுங்குப் பெண். அண்ணன் பட்டாளத்தில், எங்கோ வடக்கே எல்லையில் இருந்தான். அந்த வருஷம் எனக்கு விஷக் காய்ச்சல் கண்டு, பிழைப்பேனா என்று வீடே கலங்கிப்போனது. காய்ச்சல் இறங்கியபோது என் தலைமுடியெல்லாம் கொத்துக் கொத்தாகத் தலையணையில் கிடந்தது. நான் எழுந்து உட்கார்ந்து ஒரு வாய்க் கஞ்சி குடித்த அன்றுதான் அண்ணி விஷயத்தைச் சொன்னாள். நான் பிழைத்தால் திருத்தணியில் தன் முடி முழுவதையும் தருவதாக வேண்டிக்கொண்டிருக்கிறாள்.

அம்மாவுக்குக் கைகால் ஓடவில்லை. அண்ணியின் பிறந்த ஊரில் பெண்கள் மொட்டை அடித்துக்கொள்வது சகஜம். யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். எங்கள் தெருவிலோ ஒரு பெண் தலை மழித்திருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். "அவன் அங்க துப்பாக்கி புடிச்சிகினு நிக்கறான். இங்க பொண்டாட்டி மொட்டை அடிச்சிகினு நிக்கறதா? பூமுடி குடுத்துட்டு வா. நுனியில ரெண்டு வெரக்கடை வெட்டிக் குடுத்தா சாமி வாணாம்னா சொல்லும்?" என்றாள்.

"மொத்தமும் தர்றேன்னு சொல்லிட்டேன் அத்தே. புள்ள எழுந்து உக்காந்தப்புறம் கொறைச்சுப் பேசறதா?" என்றாள் அண்ணி. குரல் உயரவில்லை. அவள் எப்போதும் அப்படித்தான். மெதுவாகப் பேசியே ஆளைக் கட்டிப்போட்டுவிடுவாள். ஆடி பிறந்தது. மாமியாரும் மருமகளும் சோறு போட்டுக்கொண்டார்கள், பேசிக்கொள்ளவில்லை. அப்பாவை நைனா என்போம்; அவர் தறியை விட்டு எழுந்து வரவே பயந்தார்.

கிருத்திகையன்று மஞ்சள் துணி கட்டி, பஸ் ஏறி, மலையடிவாரத்துச் சரவணப் பொய்கைக்குப் போனோம். பொய்கையைச் சுற்றி எள் போட்டால் எள் விழாத கூட்டம். ஈரத் துணியும் சாமந்தியும் சந்தனமும் கலந்த அந்த வாசனை, பம்பைச் சத்தம், தமிழும் தெலுங்குமாக எழுந்த அரோகரா! நைனா எங்கள் பூக்காவடியோடு படிக்கட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டார். நாங்கள் மூவரும் முடி எடுக்கும் இடத்துக்குப் போனோம். அண்ணி குஞ்சத்தை அவிழ்த்து என் கையில் கொடுத்தாள். "முடி வளர்ந்ததும் நீ கட்டிக்கோ" என்றாள்.

அப்போதுதான் அம்மா அவளை விலக்கிவிட்டு, முடி எடுப்பவருக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். அவர் அம்மாவின் தாலியைப் பார்த்துவிட்டு, "பூமுடிதானுங்களே?" என்று கேட்டார்.

"முழுசா எடுப்பா. எனக்கு எடுத்துட்டு என் மருமவளுக்கு எடு" என்றாள் அம்மா. அண்ணி திகைத்துப்போய் நின்றாள். "இன்னா பாக்கறே? நீ மட்டும் மொட்டையா வந்தா ஊரு ஒருமாதிரி பேசும். ரெண்டு பேரும் வந்தா வேண்டுதல்னு தெரிஞ்சிக்கும்." அதற்குப் பிறகு அம்மா கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் இருந்தாள். கன்னத்தில் மட்டும் நீர் வழிந்தது. மகனை நினைத்துத்தான் அழுதாள் என்பது எனக்குத் தெரியும். பயம் போய் அவள் அதைச் செய்யவில்லை, பயத்தோடுதான் செய்தாள்.

சந்தனம் பூசிய இரண்டு தலைகளைப் பார்த்ததும் நைனா உரக்க "அரோகரா" என்றார். பாவம், வேறென்ன சொல்வார்? மலையேறி, காவடி செலுத்தி, தரிசனம் முடித்துத் திரும்பினோம். ஆடிக் கிருத்திகை முருகனைப் பெற்றவளைக் கொண்டாடும் நாள் அல்ல; பொய்கையில் கிடந்த பிள்ளையைத் தூக்கி வளர்த்த கார்த்திகைப் பெண்களைக் கொண்டாடும் நாள். பெறாத பிள்ளைக்காகத் தவித்தவர்கள் அவர்கள். இது எனக்கு எந்தப் பிரசங்கத்திலும் விளங்கியதில்லை, என் அண்ணியைப் பார்த்து விளங்கியது.

அண்ணன் கவலைப்படுவான் என்று அம்மா அவனுக்கு எதையும் எழுத விடவில்லை. ஆவணி பிறந்ததும் அவன் சொல்லாமல் கொள்ளாமல் லீவில் வந்தான். வாசலில் தெருவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து அம்மா ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். அவன் கண்ணில் முதலில் பட்டது அந்த மழித்த தலைதான். டிரங்குப் பெட்டியைப் போட்டுவிட்டு "ஐயோ நைனா!" என்று நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதான், துப்பாக்கி பிடிக்கிறவன். தறிக்குழியிலிருந்து நைனா, "ஏண்டா கத்தறே? வந்துகினுதானே கீறேன்!" என்றபடி வெளியே வந்தார். தெருவே சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை. ஓடிப்போய் அவன் தலை, தோள், கை எல்லாவற்றையும் தடவித் தடவிப் பார்த்தாள்.

அண்ணிக்கு முடி வளர்ந்தது, பழைய நீளத்துக்கு இல்லை. அம்மாவுக்குத் தோளைத் தாண்டவே இல்லை. பல வருஷங்கள் கழித்து, நைனா இருக்கும்போதே அம்மா போய்ச் சேர்ந்தாள். குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, தலையில் பூ வைக்கும் நேரத்தில் அண்ணி என்னிடம் குஞ்சத்தைக் கேட்டாள். ஒரு மணியை மட்டும் கத்தரித்து, அம்மாவின் நரைத்த சின்னப் பின்னலின் நுனியில் கட்டினாள். "வேண்டிக்கினது நான். நீயும் சேர்ந்து குடுத்தியே அத்தே" என்றாள்.

மிச்சம் இரண்டு என் பீரோவில் இருக்கின்றன.