பந்து எங்கே விழுந்தது

என் வீட்டுக்காரர் கோல்ஃப் சொல்லிக்கொடுப்பவர் என்றால் எங்கள் மேற்கு மாம்பலம் சந்தில் கண்ணை விரிப்பார்கள். "அப்போ பெரிய இடம்னு சொல்லுங்க!" பெரிய இடம்தான், விளையாடுகிறவர்களுக்கு. அவர்களுக்கு ஸ்டிக் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் ஒண்டுக் குடித்தனத்தில் பக்கெட் தண்ணீரில் குளித்துவிட்டு, ஐந்து மணி ரயிலில் கிண்டி கோல்ஃப் கிளப்புக்குப் போனார். போன வருஷம் மாரடைப்பில் போகும்வரை, முப்பத்தேழு வருஷம். மழைக்கும் லீவு கிடையாது. புல் நனைந்திருந்தால் ஷெட்டில் உட்கார்ந்து மெம்பர்களின் ஸ்டிக்குகளுக்குப் புதுப் பிடி மாட்டுவார்.

அவர் ஐந்து மணிக்குப் போக நான் நாலு மணிக்கு எழ வேண்டும். காபியை மேஜையில் அவருக்கு இடது பக்கமாக வைத்துவிட்டு, முதுகைக் காட்டியபடி தேங்காய் துருவ உட்காருவேன். எட்டரைக்கு ஆழ்வார்பேட்டையில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸுக்கு நானும் பஸ் பிடிக்க வேண்டும். சாயங்காலம் திரும்பினால் அவர் நாற்காலியிலேயே தூங்கியிருப்பார். எங்களுக்குள் சண்டை கிடையாது. சண்டை போடத் தெம்பு இல்லை, அவ்வளவுதான்.

அவருடைய பாடம் விசித்திரமானது. "பந்து போறதைப் பார்த்து ஒண்ணும் ஆகாது. தப்பு கால்லதான் இருக்கும்" என்பார். பக்கத்தில் குனிந்து நின்று ஆடுகிறவரின் பாதங்களைத்தான் பார்ப்பாராம். அடித்த சத்தத்தை வைத்தே பந்து எந்தப் பக்கம் போனது என்று சொல்லிவிடுவாராம். வீட்டிலும் விடமாட்டார். நான் நின்றுகொண்டு துணி துவைத்தால், "வெயிட்டு மொத்தமும் ஒரே கால்ல வெச்சிருக்கே, இடுப்பு வலிக்காம என்ன பண்ணும்?" என்பார். "வந்து துவைச்சுக் காட்டுங்களேன்" என்பேன். வரமாட்டார்.

பிறகு காபி கொட்ட ஆரம்பித்தது. வாரத்துக்கு இரண்டு நாள் மேஜையெல்லாம் கறை. "கை நடுங்குதுன்னா டாக்டர்கிட்ட போங்க, என் உயிரை வாங்காதீங்க" என்று திரும்பிப் பார்க்காமலே கத்துவேன். அவரே துணி எடுத்துத் துடைத்துவிட்டுக் கிளம்புவார். இப்படியே மூன்று வருஷம் போனது.

ஒரு நாள் மாம்பலம் ஸ்டேஷன் படிக்கட்டில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். கட்டுப் போட்ட டாக்டர் சந்தேகப்பட்டு கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். சர்க்கரை தன் வேலையைக் காட்டியிருந்தது. இடது கண்ணில் பார்வையே இல்லை. வலது கண்ணில் நேரே ஆறடி வரை மங்கலாகத் தெரியும், அதற்கு அப்பால் எல்லாம் புகை. "இது இப்ப வந்ததில்லைம்மா, மூணு வருஷமாவது இருக்கும்" என்றார் கண் டாக்டர்.

ஆட்டோவில் ஏறியதும் பிடித்துக்கொண்டேன்.

"பந்து எங்க போகுதுன்னே தெரியாமலா மூணு வருஷமா சொல்லிக்கொடுத்தீங்க?"

"பாடம் சரியாத்தான் எடுத்தேன்."

"யார் மண்டையிலயாவது பட்டிருந்தா?"

வீடு நெருங்கும்போது கட்டுப் போட்ட கையை என் மடியில் வைத்தார். "கிளப்புல சொல்லிடாதே. என்னால வீட்ல உட்கார முடியாது."

அதற்கு முன் என்னிடம் அவர் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. எனக்கு இரக்கம் வரவில்லை. கோபம்தான் வந்தது. என்னை முட்டாளாக்கிவிட்டாரே என்ற கோபம்.

மறுநாள் மருந்து வாங்கப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு கிளப்புக்குப் போனேன். அத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை. பக்கவாட்டு கேட்டில், அவருக்கு இருபது வருஷமாகப் பந்து எடுத்துவைக்கிறவர் கூடையோடு எதிரே வந்தார். எங்கள் வீட்டுக்கு இரண்டொரு தடவை வந்து பழக்கம். செக்ரட்டரியைப் பார்க்க வேண்டும் என்றேன். எதற்கு என்று கேட்டார். அடக்க முடியாமல் அவரிடமே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் கூடையைக் கீழே வைத்தார்.

"இத்த சொல்லவா அண்ணி இம்மாந்தூரம் வந்தீங்க? கோச்சுக்கு கண்ணு தெர்லன்னு எங்களுக்கு அப்பவே தெரியும். பந்து வுய்ந்த ஒடனே நான் கொரல் குட்த்துருவேன், 'ரைட்டு, வேப்ப மரத்தாண்ட'ன்னு. அத்த பாத்து மெம்பருங்களும் சொல்ல ஆரம்ச்சிட்டாங்க. செக்ரட்ரி அய்யா அடிச்சாலும் அவரே சொல்லிடுவாரு. எதுர்ல ஒரு ஆளு நிக்காம நான் பாத்துக்கினு கீறேன். நீங்க பயப்படாதீங்க."

"உங்களுக்கெல்லாம் தெரியும்னு அவருக்குத் தெரியுமா?"

"தெர்யாது. கேட்டா மூஞ்சி வாடிப்பூடும்ல, அதான் யாரும் கேக்கல." கொஞ்சம் தயங்கினார். "உங்களுக்குத் தெர்யாதா அண்ணி? தெனம் கூடவே கீறீங்க."

நான் செக்ரட்டரியைப் பார்க்கவில்லை. கிண்டி ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு ரயிலை விட்டேன். யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. அசதியாக இருந்தது. ஒரு நாள் தூங்கி எழுந்தால் போகிற அசதி இல்லை அது.

வீட்டுக்கு வந்ததும், "மருந்து கிடைச்சுதா?" என்றார். "கடை மூடியிருந்தது" என்றேன்.

கட்டுப் பிரித்து அவர் மறுபடி வேலைக்குக் கிளம்பிய காலை, வழக்கம்போல் காபியை வைத்தேன். தேங்காயை எடுக்கவில்லை. எதிரே உட்கார்ந்துகொண்டேன்.

"டம்ளர் இடது பக்கம், ஒரு சாண் தள்ளி இருக்கு" என்றேன்.

நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு நேராகப் போய் டம்ளரை எடுத்தது. ஒரு சொட்டு சிந்தவில்லை. மூன்று வருஷம் அந்த டம்ளரை அவர் தடவித்தான் எடுத்திருக்கிறார். இரண்டடி தள்ளி நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன்.