கஜானியின் பெரிய திரை

கஜானிக்கு எழுத்துகள் நடுவிலிருந்துதான் மறையத் தொடங்கின. ஒரு சொல்லை நேராகப் பார்த்தால் அதன் நடு எழுத்து இருக்காது. பார்வையைக் கொஞ்சம் விலக்கினால் திரும்பி வரும். மடிக்கணினியில் அழுக்கென்று நினைத்துத் துடைத்தாள். பிறகு கண்ணாடியைத் துடைத்தாள். கடைசியில் கண் வைத்தியரிடம் போனாள்.

"விழித்திரையின்ரை நடுப்பகுதி தேயுது. கண்ணாடி மாத்திப் பிரயோசனமில்லை. மருந்தும் இல்லை," என்றார் அவர். "பெரிய எழுத்தாப் பாருங்கோ. அப்பிடிக் கொஞ்சக் காலம் சமாளிக்கலாம்."

அந்தக் கொஞ்சக் காலம் எவ்வளவு என்று அவள் கேட்கவில்லை.

அவள் வட்டுக்கோட்டையில் வீட்டிலிருந்தபடியே யாழ்ப்பாணத்து அச்சகம் ஒன்றுக்குக் கல்வெட்டு வடிவமைத்துக் கொடுப்பவள். இறந்தவருக்கு முப்பத்தோராம் நாள் செய்யும் அந்தியேட்டிக் கிரியை அன்று வந்தவர்களுக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகத்துக்கு அங்கே அதுதான் பெயர். முன்பக்கத்தில் படம், உள்ளே வாழ்க்கை வரலாறு, தேவாரங்கள், பேரப்பிள்ளைகளின் புலம்பல், வம்சாவளி, நன்றி நவிலல். பிள்ளைகள் நாலு நாட்டில் சிதறியிருக்கும் குடும்பமென்றாலும், வம்சாவளியை ஒரு கோடுகூட முட்டாமல் ஒரே பக்கத்தில் அடக்கிவிடுவாள். அச்சக முதலாளி செல்வநாயகம் அதைப் பார்த்துத்தான் அவளை வைத்திருந்தார்.

கண் விஷயத்தைக் கணவன் சுதாகரனைத் தவிர அவள் யாருக்கும் சொல்லவில்லை. அவன் புத்தூர்ப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கு மரக்கறி ஏற்றும் சிறிய லொறி ஓட்டுபவன். ஒருநாள் சந்தைக்குப் பக்கத்தில், படிப்பு முடிந்து அறையைக் காலி செய்துகொண்டிருந்த பல்கலைக்கழக மாணவன் ஒருவன் கணினி விளையாட்டுக்கென்று வைத்திருந்த பெரிய மொனிற்றரை விற்கிறானென்று கேள்விப்பட்டு, வாங்கி, கத்தரிக்காய் மூட்டைகளுக்கு நடுவே சாக்கால் சுற்றிக் கொண்டுவந்தான். மேசையில் வைத்தபோது யன்னலில் பாதி மறைந்தது.

"இப்ப பாரும். ஒரு எழுத்தை உள்ளங்கை அளவுக்கு வைச்சுப் பாக்கலாம்," என்றான்.

அவள் அந்தக் கறுப்புத் திரையைக் கையால் தடவிப் பார்த்தாள். அவர்களுக்குக் கல்யாணமாகி அவன் அவளுக்கென்று வாங்கி வந்த பொருட்களில் இவ்வளவு பெரியது எதுவுமில்லை.

மொனிற்றரின் பின்னால் படக் கேபிள் பூட்ட ஒரேயொரு வாய்தான் இருந்தது. டிஸ்பிளே போர்ட். மடிக்கணினியில் இருந்தது எச்.டி.எம்.ஐ. மாணவன் கேபிள் தரவில்லை. சுதாகரன் இரண்டு வாயையும் கைபேசியில் படமெடுத்துக்கொண்டு கொம்பியூட்டர் கடையொன்றுக்குப் போனான். கடைக்காரர் ஒரு முனை இதற்கும் மறுமுனை அதற்கும் பொருந்துகிற கேபிளை எடுத்துக் கொடுத்தார்.

"ரெண்டு பக்கமும் இறுக்கமாப் பிடிச்சால் சரி. வேறை ஒண்டும் செய்யத் தேவையில்லை."

இரண்டு பக்கமும் இறுக்கமாகத்தான் பிடித்தது. திரை விழித்தது. ஒரு சின்னப் பெட்டிக்குள் 'நோ சிக்னல்' என்று எழுதிக் காட்டிவிட்டு அணைந்தது. கழற்றிப் பூட்டினார்கள். மடிக்கணினியை நிறுத்தி மறுபடி போட்டார்கள். சுதாகரன் இன்னொரு கேபிள் வாங்கி வந்தான். அதிலும் அதே எழுத்து. மொனிற்றரையே கடைக்குத் தூக்கிக்கொண்டு போனான். அவர் அதே மாதிரிக் கேபிளைத் தன் மடிக்கணினியில் மாட்டிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்.

"மொனிற்றர் பழுதாப் போட்டுது தம்பி. பெடியன் உங்களை ஏமாத்திப்போட்டான்."

சுதாகரன் வீட்டுக்கு வந்து அதைச் சொல்லும்போது அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. மொனிற்றருக்குப் பழைய படுக்கை விரிப்பைப் போர்த்து அறை மூலையில் வைத்தார்கள்.

அதன்பிறகு மாதக்கணக்காக அவள் மடிக்கணினியில் மூக்கு முட்டும்படி குனிந்து வேலை செய்தாள். எழுத்தைப் பெருப்பித்தால் பக்கம் தெரியாது. பக்கத்தைப் பார்த்தால் எழுத்து தெரியாது. பின்னேரங்களில் கழுத்து திரும்ப மறுத்தது. ஆட்களின் முகங்களும் நடுவில் கலைந்துபோயின. மீசை, கண்ணாடி, சேட்டின் நிறம் என்று பார்த்துத்தான் படங்களை அடையாளம் கண்டாள்.

அப்படியிருக்கும்போதுதான் இளையதம்பி என்பவரின் கல்வெட்டு வந்தது. படங்களை வெளிநாட்டிலிருந்த மகன் அனுப்புவதாக இருந்தது. நல்ல படம் பிறகு வருமென்றதால் முன்பக்கத்துப் பெட்டியை வெறுமையாக விட்டுத்தான் வீட்டாருக்கு மெய்ப்பு அனுப்பினாள். எழுத்துகளை அவர்கள் சரி பார்த்தார்கள். அச்சுக்குப் போகும் அவசரத்தில் ஒரு கட்டாக வந்துசேர்ந்த படங்களில் ஒன்றை, வெள்ளை மீசையும் பட்டுச் சால்வையும் பார்த்து, அவள் பெட்டிக்குள் வைத்தாள்.

அது இளையதம்பியின் அண்ணனுடைய படம். அவர் உயிரோடு இருந்தார். அந்தியேட்டி வீட்டில் முன்வரிசைக் கதிரையில் இருந்து கல்வெட்டை வாங்கிப் பார்த்தவர், மறைந்த திகதிக்கு மேலே தன் முகத்தைக் கண்டார். புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, தண்ணீர் கேட்டாராம்.

அந்த வீட்டு ஆட்கள் அச்சகத்துக்கு வந்து கத்திவிட்டுப் போனார்கள். செல்வநாயகம் ஏசவில்லை. மோட்டார் சைக்கிளில் வட்டுக்கோட்டைக்கு வந்து, கதிரையில் இருந்து, அவள் போட்ட தேத்தண்ணியைக் குடித்தார்.

"உமக்குக் கண்ணிலை ஏதும் பிரச்சினையோ பிள்ளை?"

அவள் சொன்னாள். ஒன்றையும் ஒளிக்கவில்லை.

அவர் மூலையில் போர்த்திக் கிடந்ததைக் கண்டு என்னவென்று கேட்டார். அதையும் சொன்னாள்.

"உந்த மொனிற்றரை ஒருக்கா நுஸ்கியிட்டைக் காட்டுங்கோ. எங்கடை அச்சகத்து மெசினெல்லாம் அவர்தான் பாக்கிறவர். வேலையை அதுக்குப் பிறகு கதைப்பம்."

நுஸ்கி புத்தளத்தில் பிறந்து, தகப்பனின் ஊரான யாழ்ப்பாணத்துக்கு வந்து, ஐந்துசந்திப் பக்கம் கடை வைத்திருப்பவர். சுதாகரன் கேபிளோடு கொண்டுபோன மொனிற்றரை, இரண்டு முனையும் டிஸ்பிளே போர்ட்டான வேறு கேபிளால் தன் மேசைக் கணினியில் மாட்டினார். படம் பளிச்சென்று வந்தது.

"மொனிற்றருக்கு ஒண்டுமில்லை அண்ணை. கேபிளும் பழுதில்லை. ஆனா இந்தக் கேபிள் ஒருவழிப் பாதை. கொம்பியூட்டர்ல டிஸ்பிளே போர்ட் இருந்து மொனிற்றர்ல எச்.டி.எம்.ஐ இருந்தால்தான் இதில படம் போகும். உங்கடையில அது மற்றப் பக்கமா இருக்கு. பூட்டலாம், ஆனா படம் போகாது. உங்களுக்கு நடுவில ஒரு கொன்வேட்டர் வேணும், கரண்ட் எடுத்து சிக்னலை மாத்துறது."

"கடைக்காரர் மொனிற்றர் செத்துட்டுதெண்டாரே."

"அவரும் அதே மாதிரித்தானே மாட்டிப் பாத்திருப்பார்."

கொன்வேட்டரைக் கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேண்டியிருந்தது. முதலில் வந்த கொன்வேட்டரும் எதிர்ப்பக்கத்துக்கானது. திருப்பி அனுப்பி மாற்றினார்கள். கடைசியில் ஒரு மழைநாள் காலையில் சுதாகரன் அதைப் பூட்டினான். சின்ன நீல வெளிச்சம் எரிந்தது. பெரிய திரை முழுவதும் மடிக்கணினியின் படம் விரிந்தது.

"கஜானி, வாரும்! வந்திட்டுது!"

அவள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து இருந்தாள். பழைய கல்வெட்டு ஒன்றைத் திறந்தாள். வெளிச்சம் தெரிந்தது. பக்கத்தின் ஓரக் கோடுகள் தெரிந்தன. எழுத்தைப் பெருப்பித்தாள். இன்னும் பெருப்பித்தாள். ஒரு சொல் திரையை அடைத்தது. நேராகப் பார்த்தாள், நடுவில் சாம்பல் நிறப் புகை. தலையைச் சரித்துக் கடைக்கண்ணால் பார்த்தாள். 'அ' வந்தது. 'ன்' வந்தது. அடுத்ததைத் தேடும்போது முன்னையது போய்விட்டது. அவர்கள் கேபிளோடு அல்லாடிய காலத்தில் கண்ணுக்குள் இருந்த அந்தப் புகை சும்மா இருக்கவில்லை.

வம்சாவளிப் பக்கத்தைத் திறந்தாள். கோடுகள் எங்கே தொடங்கி எங்கே போகின்றன என்று பிடிபடவில்லை.

"தெரியுதே?" சுதாகரன் அவளுக்குப் பின்னால் நின்று கேட்டான்.

"ஓம், தெரியுது." கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள்: "வாசிக்கேலாமல் கிடக்கு."

அவன் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். மழை கூரைத் தகரத்தில் பெலத்து விழுந்தது. போன வருசமே அந்தக் கொன்வேட்டர் கிடைத்திருந்தால் என்று அவன் சொல்லத் தொடங்கி நிறுத்தினான். அவளும் அதையே நினைத்திருந்தாள். கிடைத்திருந்தால் இன்னும் கொஞ்சக் கல்வெட்டுகள் செய்திருப்பாள். இளையதம்பியின் அண்ணன் தன் முகத்தை அப்படிப் பார்த்திருக்க மாட்டார். அவ்வளவுதான். கண் எப்படியும் இந்த இடத்துக்குத்தான் வந்திருக்கும்.

அன்று மத்தியானமே அவள் செல்வநாயகத்தோடு தொலைபேசியில் பேசி, வேறு ஆள் பார்க்கச் சொன்னாள். அவர் மறுக்கவில்லை. "நீர் ஒருநாள் இஞ்சாலை வந்திட்டுப் போம்," என்றார். ஏன் வரவேண்டுமென்று அவருக்கும் தெரியாது.

சில நாட்களின் பின் நுஸ்கி தொலைபேசியில் வந்தார். கொன்வேட்டர் சூடாகிறதா, விட்டுவிட்டு அணைகிறதா என்று கேட்டார். முதலில் வந்தது பிழையாய்ப் போனது அவருக்கு மனதுக்குச் சங்கடமாக இருந்ததாம்.

"இல்லைத் தம்பி. படம் நல்ல வடிவா வருது," என்றாள் கஜானி.

"அல்ஹம்துலில்லாஹ். சந்தோசம் அக்கா. இனி உங்களுக்குப் பிரச்சினையில்லை."

"ஓம் தம்பி."

அவர் வைத்தபின்னும் அவள் கைபேசியைக் காதோடு வைத்திருந்தாள். பிறகு சுவரைப் பிடித்தபடி குசினிக்குள் போய், சுளகில் அரிசியைக் கொட்டி, கல்லை விரலால் தேடத் தொடங்கினாள்.