சத்தமில்லாமல் இறங்கிய கப்பல்

இதை வாசிப்பவர் யாராக இருந்தாலும் கும்பிட்டுக் கேட்கிறேன், வேறு ஒருவருக்கும் காட்ட வேண்டாம். முக்கியமாக என் அப்பாவுக்கு.

கௌசி அக்காவின் முப்பத்தோராம் நாளுக்கு அச்சடிக்கும் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்தில் போட, அவருடைய அம்மா என்னிடம் ஒரு குறிப்புக் கேட்டார். எழுதிவிட்டேன். ‘அடக்கமானவர், அன்பானவர்’ என்று இருக்கிறது. அப்பா வாசித்துவிட்டுத் தலையாட்டினார். அது நாளைக் காலை அச்சகத்துக்குப் போகிறது. இது, அதில் எழுதாதது.

செய்தி, ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோவில் வந்தது. நான் பள்ளிக்கூடம் போக வாய்க்கால் கரையில் சைக்கிளை உருட்டிக்கொண்டிருந்தேன். ‘கௌசல்யா அவர்கள் நேற்று மாலை பூநகரி வீதியில்...’ என்று சொல்லியபடி அது என்னைக் கடந்து போனது. கட்டாக்காலி மாடு ஒன்று மோட்டார் சைக்கிளுக்குக் குறுக்கே பாய்ந்ததாம். நான் நிற்கவில்லை. பள்ளிக்கூடம் போனேன், இரண்டு பாடம் இருந்தேன். மூன்றாவது பாடத்தில்தான் ஒருவரிடமும் கேட்காமல் எழும்பி வெளியே போனேன்.

உங்களுக்கு அவரைக் கலியாணவீட்டிலும் சாமத்தியவீட்டிலும் வீடியோ எடுப்பவராகத் தெரியும். “மாப்பிள்ளை, பல்லுக்குத் தனிக் காசு கேட்கமாட்டன், சிரியுங்கோ” என்பாரே, அவர்தான். கிளிநொச்சியில் அவருடைய ஸ்டூடியோக் கணினியில் ஒரு பழைய வெளிநாட்டுப் படம் இருந்தது. கறுப்பு வெள்ளை. வானத்திலிருந்து ஒரு கப்பல் பெரும் இரைச்சலோடு வயலில் இறங்கும். ஊர்ச்சனம் அண்ணாந்து வாய்பிளந்து நிற்கும். கப்பலில் வந்தவள் கண்ணாடிக் கவசம் போட்ட தலையோடு வீடு வீடாகக் கதவைத் தட்டித் தண்ணீர் கேட்பாள். ஒருவரும் திறக்கமாட்டார்கள். கடைசி வாசலில் விழுந்து சாவாள்.

“இதை இந்தக் காலத்து ஆக்களுக்கு, அதுவும் எங்கட ஆக்களுக்குத் திருப்பி எடுக்கவேணும். நீதான் மேல இருந்து வாறவள். அதுக்கேற்ற முழிதான் உன்ர முழி” என்றார்.

கடையில் மிட்டாய் போட்டு வைக்கும் பெரிய பிளாஸ்டிக் போத்தலின் அடியை வெட்டி எனக்குக் கவசம் செய்தார். வீட்டில் கணித வகுப்பு என்று சொல்லிவிட்டுப் போனேன். பெண்பிள்ளை படத்தில் நடிக்கிறாள் என்று தெரிந்தால் அப்பா என்னைப் பள்ளிக்கூடத்துக்கும் விடமாட்டார்.

கப்பல் இறங்கும் காட்சிக்கு, அப்பாவை அறியாத தூரத்து ஊர் ஒன்றில், அறுவடை முடிந்த வயலில் அந்த ஊர்ச்சனம் பதினைந்து பேரை நிறுத்தினார். கலியாணத்துக்குப் பறக்கவிடும் ட்ரோனை உயர்த்தி, “எல்லாரும் மேல பாருங்கோ, அதிசயம் மாதிரிப் பாருங்கோ” என்றார். கலியாணவீட்டில் பாட்டுச் சத்தத்தில் அதன் இரைச்சல் கேட்பதில்லை. வெறும் வயலில் அது மட்டுமே கேட்டது. ஒருவரும் மேலே பார்க்கவில்லை. பெரியவர்கள் அத்தனை பேரும் குப்புற விழுந்தார்கள். வயல்காரி ராணி மாமி தன் மகளை இழுத்து அடியில் போட்டு மேலே படுத்தார். நிமிர்ந்து நின்றது நாங்கள் நாலைந்து பிள்ளைகள்தான். நான் போத்தலுக்குள் சிரித்தேன்.

அக்கா ட்ரோனை இறக்கினார். ராணி மாமி சேலையில் மண்ணைத் தட்டிக்கொண்டு, “எடி கௌசி, வண்டு விடப்போறன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே!” என்று ஏசினார். போர்க்காலத்தில் வேவு விமானத்தை வண்டு என்றுதான் சொல்வார்களாம். வண்டு சுற்றினால் பிறகு குண்டு விழுமாம். எனக்கு அது தெரியாது. அக்காவுக்குத் தெரியும். தெரிந்தும் கமராவுக்குப் பின்னால் நின்றபோது மறந்துவிட்டார். அவர் ராணி மாமியின் முழங்காலைத் துடைத்துவிட்டார். பிறகு என்னிடம், “பயந்த சனத்தைப் பார்த்துச் சிரிக்கிறவளை எந்தக் கிரகத்திலயும் இறக்கமாட்டினம்” என்றார்.

அன்றைக்கு எடுத்ததை எல்லாம் அழித்தார். “அந்தப் படத்துச் சனம் ஒண்டும் காணாத சனம், அதுதான் அண்ணாந்து பாக்குது. எங்கட கப்பல் சத்தமில்லாமல் வரட்டும்.” அடுத்த கிழமை நான்கு தடிகளில் கறுப்புப் பொலித்தீன் கட்டி வெயிலில் தூக்கிக்கொண்டு நடந்தோம். வயல்மேல் நிழல் மட்டும் ஊர்ந்தது. ராணி மாமி அந்த நிழலைப் பார்த்துக்கொண்டே நின்றார். அதுதான் கப்பல்.

அப்பா இருமுகிறார். கொஞ்சம் பொறுத்து எழுதுகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூநகரி வெளியில், கடலேரிக் கரையில் நான் தனியாக நடக்கும் காட்சியை எடுத்தோம். திரும்பி வந்து ஒழுங்கை முகப்பில் இறங்கியபோதுதான் தெரிந்தது, கவசத்தைக் கரையிலேயே விட்டுவிட்டேன். அழுதேன். “அழாதை. நாளைக்குப் பின்னேரம் தலை இல்லாமல் எப்பிடிக் கதவு தட்டுவாய்? நான் கெதியா எடுத்துக்கொண்டு வாறன்” என்று வண்டியைத் திருப்பினார். அப்போதே பொழுது சாயத் தொடங்கியிருந்தது.

இதைத்தான் ஒருவரும் அறியவில்லை. அந்நேரம் அவர் எந்த வேலைக்கும் போகவில்லை என்பது மட்டும் ஊருக்குத் தெரியும். செத்தவீட்டிலேயே ஒருவர், “கலியாணமாகாத பொம்பிளை, மைமல் இருட்டில அந்த வெளியில ஆரைப் பாக்கப் போனவளாம்?” என்றார். அக்காவின் அம்மா அதைக் கேட்டுக்கொண்டு இருந்தார்.

கவசம் உடையவில்லை. வண்டியின் பின்னால் கட்டியபடி இருந்ததாம். எட்டாம் நாள் அக்காவின் அம்மா அதை அலுமாரிக்கு மேலிருந்து எடுத்து, “இது என்னெண்டு உனக்குத் தெரியுமோ பிள்ளை?” என்று கேட்டார். “தெரியாது மாமி” என்றேன். அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

கடைசிக் காட்சி எடுபடவில்லை. எங்கள் படத்தில் கடைசிக் கதவு திறபடவேண்டும். “திறக்கிறவள் பயப்பிடாமல் திறந்தால் பொய்யாப் போயிடும். கை நடுங்க நடுங்கத் திறக்கவேணும்” என்று அக்கா சொன்னார். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தச் சொல்லும், அன்று வண்டியைத் திருப்புமுன் அவர் தந்து, நான் கொம்பாஸ் பெட்டிக்குள் பஞ்சில் சுற்றி வைத்த மெமரி கார்டும்தான். நான் அந்த வெளியில் நடப்பது அதில் இருக்கிறது. அக்காவின் அம்மாவுக்கு அதைக் காட்டினால் போதும், அக்கா ஏன் அங்கே போனார் என்று தெரிந்துவிடும். ஆனால் காட்டினால் அப்பாவுக்கும் தெரியவரும்.

முதல் வரியில் ஒருவருக்கும் காட்ட வேண்டாம் என்று எழுதினேன். அதை வெட்டிவிடுகிறேன். காலையில் அச்சகத்துக்குப் போவதற்கு முன் அக்காவின் அம்மாவிடம் இதைக் கொடுத்து

கதவு தட்டுகிறார்கள். அப்பாதான். “பிள்ளை, இன்னும் வெளிச்சம் தெரியுது. என்ன எழுதுறாய்? திற பாப்பம்.”

தாளை நான் மடிக்கவில்லை. எழும்பிக் கதவைத்