அவிநாசி பஸ்ஸை மறித்த ஆஸ்திரேலியர்

திருப்பூர் பஸ் ஸ்டாண்டில் பனியன் கம்பெனி விட்ட சாயங்காலக் கூட்டம். கார் மக்கர் செய்ததால் நாங்களும் அவிநாசி பஸ்ஸுக்கு நிற்கிறோம். கூட இருப்பவர் ஆஸ்திரேலியக் கால்பந்துக் குழு ஒன்றின் பயிற்சியாளர், ஆட்டக்காரர்களுக்குப் பனியன் தைக்கக் கொடுக்க வந்தவர். நான் அவருடைய மொழிபெயர்ப்பாளன். வழியெல்லாம் ஒரே புலம்பல். அமெரிக்கக் கால்பந்தில் ஒருவன் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓட, இன்னொருவன் எதிராளியை மறித்து நிற்பானாம். அதைத் தன் குழுவுக்கும் பழக்கப் பார்க்கிறார். மறிக்கத்தான் ஆளில்லை, எல்லோருக்கும் பந்துதான் வேண்டுமாம்.

பஸ் வருகிறது. முன்படியில் ஒரு பெண் இரு பக்கக் கம்பியையும் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கிறாள். கூட்டம் அவள் முதுகில் மோதித் திட்டுகிறது. அவள் கைக்கடியில் புகுந்த தோழி உள்ளே ஓடி, சீட்டில் சாப்பாட்டுத் தூக்குப்போசியை வைத்த பிறகுதான் மறித்தவள் வழி விடுகிறாள். ஆஸ்திரேலியர் கைதட்டுகிறார். மறித்து நிற்க எப்படிச் சம்மதித்தாள் என்று கேட்கச் சொல்கிறார். ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்ட அவளிடம் கேட்கிறேன்.

"நேத்து அவ மறிச்சா, நான் எடம் போட்டனுங்க. இன்னைக்கு என்ற மொறை. இதுல என்னங்க இருக்குது?"

அதை ஆங்கிலத்தில் சொன்னதும் அவருக்கு ஆவேசம் வந்துவிடுகிறது. நான் உள்ளே புகுந்து இடம் போடட்டும் என்று, அடுத்த பஸ்ஸின் முன்படியில் தானே பாய்ந்து ஏறி அடைத்து நிற்கிறார். ஆஜானுபாகு. கைக்கடியில் ஒரு பூனைகூட நுழைய முடியாது. கூட்டம் பின்வாசலில் ஏறிக்கொள்கிறது. நான் அவர் முதுகைத் தட்டுகிறேன், குத்துகிறேன். எதிராளி என்று நினைத்து இன்னும் விறைக்கிறார். கண்டக்டர் விசில் ஊத, பஸ் கிளம்புகிறது.

"இடம் போட்டாச்சா?" என்று பஸ்ஸுக்குள் பார்த்து ஆங்கிலத்தில் கூவிக்கொண்டே போகிறார். அவர் எங்கே இறங்க வேண்டும் என்பது எனக்குத்தான் தெரியும். நான் திருப்பூரில் நிற்கிறேன்.