பத்தரை மணிச் சோறு

அமெரிக்காவிலிருந்து வந்த மகன் இரவெல்லாம் விழித்திருந்து பகலில் தூங்கினான். குக்கர் விசில் அவனை எழுப்பிவிடுமென்று என் மனைவி பானையில் சோறு வடித்தாள். நேற்று அவன் கிளம்பிவிட்டான். இன்றும் வடிகஞ்சி வாசனை வருகிறது.

சிறுவயதில் எங்கள் காரைக்குடி வீட்டில் காலை பத்து மணிக்கே இந்த வாசனை எழும். மலேசியாவிலிருந்து விடுப்பில் வரும் அப்பச்சிக்கு, அதாவது என் தந்தைக்கு, பத்தரைக்கெல்லாம் பசி வந்துவிடும். அங்கே அப்போது மணி ஒன்று. கைக்கடிகாரத்தை அவர் திருப்பி வைத்ததே இல்லை, வயிற்றையும்தான்.

அவர் திரும்பிப் போன பிறகும் அம்மா பத்தரைக்கே இலை போட்டு உட்கார்ந்தார்.

"இப்பவே பசிக்குதா ஆத்தா?" என்றேன்.

"பசியெல்லாம் இல்லடா. அங்குட்டு இப்பத்தான அவுக தனியா உக்காந்து சாப்புடுவாக."

மனைவியிடம் நான் எதுவும் கேட்கவில்லை. மகன் படுத்திருந்த அறையின் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினேன்.