விளக்கெண்ணெய் குடித்த வண்டி

என் தையல் மிஷினைக் கொடுத்துத்தான் என் வீட்டுக்காரர் அந்த மோட்டார் சைக்கிளை வாங்கினார். ஜப்பான்காரன் வந்த முதல் வருஷம் அது. நான் ஆற்றில் துணி துவைத்துவிட்டு வந்து பார்த்தால், மிஷின் இருந்த மூலையில் இது நிற்கிறது.

எங்கள் ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரர்கள் தெற்கே ஓடியபோது, பெரிய துரைக்கு அடுத்தவரான சின்னத்துரை இந்த வண்டியை லூனாஸில் ஒரு கடைக்காரரிடம் விட்டுப் போயிருந்தார். கடைக்காரரின் மனைவிக்குத் தையல் மிஷின் வேண்டியிருந்தது. ஜப்பான் நோட்டை யாரும் மதிக்காத காலம், எல்லாமே பண்டமாற்றுதான்.

"என்னங்க இது?" என்றேன்.

"ரேஸ் வண்டி. சின்னத்துரை பந்தயத்துல ஓட்டுனது."

"ரேஸ் ஓட்டி நீங்க யாரப் புடிக்கப் போறீங்க?"

"அரிசி புடிக்கப் போறேன் லா. பெண்டாங்குல நெல்லு இருக்கு, நம்மகிட்ட தேங்காயெண்ணெய் இருக்கு."

அந்த வாரம் முழுக்க நான் அவரோடு பேசவில்லை. வண்டிக்கு அப்போதே பத்து வயதாவது இருக்கும். குனிந்து உட்கார வேண்டிய கைப்பிடி, நீளமான டாங்க், பின்னால் ஆள் உட்கார இடமே கிடையாது. குடும்பஸ்தன் வாங்குகிற வண்டியா அது? ஆனால் மரவள்ளிக்கிழங்கையே தின்று நாக்குச் செத்துப்போயிருந்த வீட்டுக்கு முதல் மூட்டை அரிசி வந்த அன்று என் கோபம் பாதி இறங்கிவிட்டது. மீதிப் பாதி கடைசிவரை இறங்கவில்லை.

அவர் பால் காய்ச்சி ஷீட் போடுகிற ரப்பர் ஸ்டோரில் எஞ்சின் பார்க்கிற ஆள். விடியும் முன்னே வேலைக்குப் போய்விடுவார். ஆகவே வண்டியைப் பராமரிப்பது என் தலையில் விழுந்தது. யானையைக் கட்டித் தீனி போட்ட கதைதான். பெட்ரோல் கிடையாது. மரத்தில் உறைந்துபோன ஒட்டுப்பாலைக் காலி எண்ணெய்ப் பீப்பாயில் போட்டு மூடி, அடியில் தீ வைத்து, ஆவியைக் குழாய் வழியாகத் தண்ணீருக்குள் விட்டால் சொட்டுச் சொட்டாக ஒரு எண்ணெய் இறங்கும். அதைத்தான் பெட்ரோல் என்று ஊற்றினோம். அந்த நாற்றத்தில் லயத்து வரிசை வீடுகளின் நாய்கூட எங்கள் வாசலுக்கு வராது. அந்த எண்ணெய் உள்ளேயே தங்கினால் பிசினாகி அடைத்துக்கொள்ளும். தினமும் காலையில் கார்புரேட்டரைக் கழற்றி, ஈர்க்கு நுனியைச் சீவித் துவாரத்தைக் குத்தி, எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட வேண்டும்.

எஞ்சினுக்கு விளக்கெண்ணெய். பந்தய வண்டிக்கு அதுதான் நல்லது என்று சின்னத்துரை ஊற்றியதை இவர் பார்த்திருக்கிறார். லயத்துக்குப் பின்னால் ஆமணக்கு போட்டு, கொட்டையை வறுத்து இடித்துக் காய்ச்சி எடுத்தேன். ஒருமுறை ஸ்டோரில் மிச்சமிருந்த எஞ்சின் எண்ணெயை இவர் அதோடு சேர்த்து ஊற்றிவிட்டார். இரண்டும் சேராமல் களியாகத் திரிந்துபோயிற்று. எல்லாவற்றையும் பிரித்து வழித்தெடுத்தது யார்? நான்தான். திட்டிக்கொண்டேதான் வழித்தேன்.

அந்த வண்டியை உதைத்துக் கிளப்புவதில் ஒரு சூட்சுமம் இருந்தது. கைப்பிடியில் விரல் நீளத்துக்கு ஒரு லீவர். அதைப் பின்னால் தள்ளிவிட்டு உதைத்தால் கிளம்பும். முன்னால் இருக்கும்போது உதைத்தால் எஞ்சின் திருப்பி உதைக்கும், கணுக்கால் போய்விடும்.

ஜப்பான் அதிகாரி ஒருவர் தோட்டத்துக்கு வந்து அந்த வண்டியைப் பார்த்தார். பார்த்தவுடனே அது அவருடையதாகிவிட்டது. உள்ளதும் போச்சு என்று நான் நின்றேன். அவருடைய சிப்பாய் ஏறி உதைத்தான். லீவர் முன்னால் இருந்தது. அலறிக்கொண்டு விழுந்தான். என் வீட்டுக்காரருக்கு இரண்டு அறை விழுந்தது. பிறகு இவரே கிளப்பிக் காட்டினார். வேறு யாருக்காவது இது தெரியுமா என்று அதிகாரி கேட்டதை ஆபீஸில் கணக்கெழுதுகிற கிராணி எங்களுக்குச் சொன்னார். "யாருக்கும் தெரியாதுங்க" என்றார் இவர். தினமும் காலையில் அதை உதைத்துக் கிளப்புகிற நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

வண்டி ஸ்டோர் கொட்டகையில் நின்றது. அதைப் பார்த்துக்கொள்கிற ஆளாக இவரை வைத்தார்கள். அந்தச் சமயத்தில்தான் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். கிராணி என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "தாயி, அந்த வண்டி ஓடுற வரைக்கும்தான் ஒன் புருஷன் இங்க. வேற ஒருத்தருக்குக் கிளப்பத் தெரியும்னு தெரிஞ்சாலும் போச்சு."

ஆள் ஏற்ற லாரி வந்த காலையில் இவருக்கு மலேரியா. உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. அதே காலையில் அதிகாரி பண்டார் பாரு போக வண்டி கேட்டார். கிளப்பாவிட்டால் காய்ச்சலோடு லாரியில் ஏற வேண்டியதுதான் என்றார் கிராணி. இவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் வண்டிப் பக்கத்தில் வைத்தோம்.

"ஐயா, இவரு லீவரப் புடிச்சுக்கட்டும். இவருக்குக் கால்ல பலமில்ல, நான் ஒதைக்கிறேன்" என்றேன். கிராணி அதிகாரியிடம் ஏதோ சொன்னார். அவர் தலையாட்டினார்.

புடவையை வரிந்து கட்டிக்கொண்டு ஏறினேன். இவர் லீவரைப் பிடித்தார். காய்ச்சல் வேகத்தில் அதை முன்னால் தள்ளிவிட்டு, சரி என்பதுபோல் என்னைப் பார்த்தார். உதைத்தால் என் கால் போகும், வண்டியும் கிளம்பாது. "தப்பு" என்று சொன்னால் எனக்குத் தெரியும் என்பது தெரிந்துவிடும்.

"நடுங்குதே சாமி" என்று அழுதபடி, அவர் கையைத் தாங்குகிற மாதிரி என் கையை அதன்மேல் வைத்தேன். வைத்து, மெதுவாகப் பின்னால் இழுத்தேன். அழுகை நடிப்பில்லை. உதைத்தேன். கிளம்பியது.

அதிகாரி இவர் தோளில் தட்டிவிட்டு ஏறிப் போனார். "இவன் இங்கயே இருக்கட்டுமாம்" என்றார் கிராணி. இவரைக் கொண்டுவந்து பாயில் படுக்கவைத்தோம். கொஞ்ச நேரத்தில் லாரி கிளம்புகிற சத்தம் கேட்டது. லயம் முழுக்க ஒப்பாரி. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அது அழுகையாகத்தான் வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அடுத்த வீட்டு அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அவள் புருஷன் அந்த லாரியில் போய்விட்டான். "ஒன் வீட்டுக்காரரையும் ஏத்திட்டானுங்களாடி?" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். நான் பாயைக் காட்டினேன்.

நின்று அவரைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள். பிறகு, "கஞ்சி குடிச்சாரா?" என்று கேட்டாள். இன்னும் அடுப்பே பற்றவைக்கவில்லை என்றேன். தன் வீட்டுக்குப் போய், ஒரு மங்குக் கோப்பை நிறையக் கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். காலையில் அவள் தன் புருஷனுக்காகக் காய்ச்சி வைத்திருந்த கஞ்சி.